துண்டு முதல் பிடிஎஃப் வரை: மலையகத்துக் காகிதங்களின் கதை

ஒரு பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்ற இன்றைக்கு ஒரு நிமிஷம் போதும். கையில் இருக்கிற போனே போதும். ஆனால் நம்ம மலையகத்தில் காகிதத்தில் இருந்த ஒரு பெயரையோ ஒரு திகதியையோ திருத்த முடியாமல் தலைமுறைகளே போயிருக்கின்றன. ‘டொகியுமென்ட் எடிட்டிங்’ என்றதும் ஏதோ புது டெக்னொலொஜி சமாச்சாரம் மாதிரித் தோணும். நமக்கு அது பழைய கதை. நம்மைப் பற்றிய காகிதத்தை யார் எழுதினார்கள், யார் வைத்திருந்தார்கள், யாருக்கு அதைத் திருத்துகிற அதிகாரம் இருந்தது என்கிற கதை.

‘துண்டு’ என்பதிலிருந்து தொடங்கலாம். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகள். பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை ஒரு துண்டு எழுதித் தருவார்: இவ்வளவு ரூபாயைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று. கங்காணி அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு தோட்டங்களில் பேரம் பேசுவார். புதுத் துரை கட்டுகிற பணம் மறுபடியும் அதே தொழிலாளிகளின் தலையில் கடனாக விழும். அவர்களுடைய வாழ்க்கையே அந்தத் துண்டில்தான் இருந்தது. ஆனால் அதை எழுதியது அவர்கள் இல்லை. எழுதியதை வாசிக்கவும் பெரும்பாலானவர்களால் முடியாது. 1921இல்தான் சட்டம் போட்டு இந்த முறையை ஒழித்தார்கள். செக்ரோலும் அப்படித்தான். யார் வேலைக்கு வந்தார், எத்தனை பேர் போட்டார் என்பதெல்லாம் தோட்ட ஆபிஸின் கையெழுத்தில்தான் இருந்தது.

காகிதம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று புரிந்துகொண்டு அதைத் திருப்பிப் பிடித்தவர் கோ. நடேசய்யர். பத்திரிகையாளரான அவர் 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார். அவரும் மனைவி மீனாட்சி அம்மாளும் துண்டுப் பிரசுரங்களையும் பாட்டுகளையும் அச்சடித்துப் பரப்பினார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடிக் காட்டினார். ஒரு வகையில் அதுவும் ‘கன்வர்ட்’ பண்ணுவதுதான்: எழுத்தைக் குரலாக மாற்றுவது.

பெரிய அடி சுதந்திரத்துக்குப் பிறகு விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. லயத்தில் பிறந்தவர்களிடம் அதற்குக் காகிதம் எங்கே இருக்கும்? அடுத்த வருஷம் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி விட்டது. ஆனால் அதற்கும் நிபந்தனை இருந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னால் கல்யாணமானவர்கள் ஏழு வருஷமும், மற்றவர்கள் பத்து வருஷமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். 1951 ஆகஸ்டுக்குள் சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 134,000 பேருக்குத்தான். சட்டம் போட்டவர்களின் அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையில் நம்ம ஆட்களை நிறுத்தி வைத்தது காகிதம். இடையில் ஊருக்குப் போய் வந்த சில மாதங்கள், பொருந்தாத ஒரு பெயர், ஆபிஸில் கிடைக்காத ஒரு பதிவு. அவ்வளவுதான், ஒரு குடும்பமே நாடில்லாத குடும்பம்.

பிறகு 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். கடைசியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்கிற நாடற்றவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. அந்த டிசம்பரில் நடந்த முகாம்களில் பத்தே நாளில் ஏறக்குறைய 190,000 பேர் அதைப் பெற்றார்கள். ஐம்பது வருஷம் திறக்காத கதவு ஒரு படிவத்தில் திறந்தது.

இப்போது போனுக்கு வருவோம். அந்தப் பழைய கதை இங்கேயும் வேற உருவத்தில் இருக்கிறது.

பிடிஎஃப் 1993இல் வந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதாவது அது பக்கத்தின் தோற்றத்தைக் காப்பாற்றும்; உள்ளே இருக்கிற எழுத்து எழுத்தாக இருக்குமா என்பது வேற விஷயம். தமிழுக்கு இங்கேதான் சிக்கல். இலங்கையில் அச்சகங்களும் அலுவலகங்களும் பல வருஷம் பாவித்தது பாமினி எழுத்துரு. பாமினியில் ‘அம்மா’ என்று தெரிவது கோப்புக்குள்ளே ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துரு இருக்கிற வரைக்கும் அம்மா; போனில் வேர்டாக மாற்றினால் வெறும் ஆங்கிலக் குப்பை. பழைய தீர்மானங்கள், சங்க அறிக்கைகள், மலர்கள் என்று எத்தனையோ கோப்புகள் இப்படி வாசிக்க முடியாமல் கிடக்கின்றன.

இதற்கு வழி இருக்கு. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றுகிற இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கும். சுரதா யாழ்வாணன் உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ அதில் பலருக்கும் தெரிந்தது. குப்பையாகத் தெரிகிற வரிகளை அப்படியே கொப்பி பண்ணி அதில் போட்டால் தமிழ் திரும்பி வரும். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் அது வெறும் படம், அதில் கொப்பி பண்ண எழுத்தே இருக்காது. போனின் பிரவுசரில் கூகுள் டிரைவை டெஸ்க்டொப் பக்கமாகத் திறந்து, அந்தப் படத்தை கூகுள் டொக்ஸ் ஆகத் திறந்தால், அச்சு எழுத்தைப் பெரும்பாலும் அது வாசித்துத் தரும். கையெழுத்தை நம்பி விடாதீங்க. அச்சையும் வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் எடுக்க வேணும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்பினால் தெளிவு குறையாது.

ஒரு கோட்டை மட்டும் தாண்டக் கூடாது. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருக்கிறது, அடையாள அட்டையில் வேற மாதிரி இருக்கிறது, சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது மாதிரி இருக்கிறது என்பது மலையகத்தில் வீட்டுக்கு வீடு உள்ள பிரச்சினை. போனில் அந்த எழுத்தை அழித்து வேற எழுத்துப் போடுவது சுலபம். ஆனால் அது திருத்தம் இல்லை, மோசடி. மாட்டிக்கொள்ளப் போவதும் நம்ம ஆள்தான். உண்மையான திருத்தம் அந்தந்த ஆவணத்துக்கு உரிய அலுவலகத்தில்தான் நடக்கும். அதற்கு வேண்டிய கடிதத்தைத் தமிழிலேயே எழுத, படிவத்தை நிரப்ப, ஆதாரங்களை ஒரே கோப்பாகச் சேர்க்கத்தான் போன். தமிழும் அரச கரும மொழி என்று 1987இன் 13ஆம் திருத்தமே சொல்கிறது. தமிழில் எழுத யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

இன்னும் பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட ஆபிஸுக்குத்தான் போகிறது, அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது வேற கதை. அதனால் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு காகிதமும் முக்கியம். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாயியின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்க. பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய சம்பளத் துண்டு, சங்கச் சந்தா ரசீது, எது இருந்தாலும் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் பண்ணுங்க. கோப்புக்குப் பெயரும் வருஷமும் போட்டு இரண்டு இடத்தில் வையுங்க. மூலத்தை மறுபடி பெட்டியிலேயே வைத்து, சாவியை அப்பாயியிடமே கொடுத்துடுங்க.