கூரையும் காற்றும்: பேசாலைக் கரையின் புயல் வரலாறு

மன்னார்த் தீவின் வடகரையில், பாக்கு நீரிணையை நோக்கி அமைந்த மீன்பிடிக் கிராமம் பேசாலை. மலையோ மேடோ காற்றை மறிக்காத மணற்றரை அது. ஆண்டின் ஒரு பாதியில் சோழகம் வீசும். மறு பாதியில் வாடை வீசும். கடற்றொழிலாளியின் உழைப்பும் ஓய்வும், அவன் பெறும் வருவாயும் படும் கடனும் இவ்விரு காற்றுகளையே பற்றி நிற்கின்றன. காற்றை அறியாத பிள்ளை அக்கரையில் பிறப்பதில்லை. அங்ஙனமிருக்க, புயல் என்றொன்று வரும்போது மட்டும் காற்றை நன்கறிந்த இம்மக்களே முதலில் கூரை இழப்பது ஏன்? அறியாமைதான் காரணமென்று சொல்வோர் உளர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

1964ஆம் ஆண்டின் இறுதியை நோக்குவோம். டிசம்பர் 17ஆம் நாள் தென் அந்தமான் கடலில் ஒரு தாழ்வுநிலை உருவாயிற்று. இரண்டு நாளில் அது கடும் புயலாக வளர்ந்தது. ஏறத்தாழ நேர்கோட்டில் மேற்கு நோக்கி நகர்ந்து, 22ஆம் நாள் இலங்கையின் வட பகுதியில் வவுனியாவைக் கடந்து, மன்னார்க் கரையை உலுப்பி, அன்றிரவே தனுஷ்கோடியின்மேல் பாய்ந்தது. காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீற்றருக்கும் மேலென்று மதிப்பிட்டனர். கடல் ஏறத்தாழ 7 மீற்றர் உயரத்துக்கு எழுந்தது. பாக்கு நீரிணை ஆழங்குறைந்த கடல். காற்றுத் தள்ளும் நீர் கீழே இறங்கிச் செல்ல இடமின்றி மேலே குவியும். குவிந்த நீர் தரையிலேறும். இரு கரையிலும் சேர்த்து ஏறத்தாழ 1,800 பேர் மாண்டனர்.

புயல் பிறந்ததற்கும் கரையை அடைந்ததற்கும் இடையே ஐந்து நாட்கள் இருந்தன என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நாட்கள் சிறு கால அளவல்ல. தோணிகளைக் கரையேற்றலாம், குழந்தைகளையும் முதியோரையும் உள்ளூருக்கு அனுப்பலாம், கூரையை இறுக்கலாம். ஆயினும் 22ஆம் நாள் இரவு பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு புகைவண்டி தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. அவ்வண்டியைக் கடல் கொண்டது. அரசாங்கத்தின் சொந்த வண்டியையே நிறுத்த இயலாத எச்சரிக்கை, ஓலைக் கொட்டிலில் உறங்கும் மீனவனை எவ்வாறு எட்டியிருக்கும்?

புயலுக்குப் பின் நடந்தவை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கவை. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்தரங்களை அலை வாரிச் சென்றிருந்தது. ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியியலாளரின் பொறுப்பில் அப்பாலம் 46 நாட்களில் மீண்டும் நிமிர்ந்தது. இரவும் பகலும் உழைத்த தொழிலாளரின் அருஞ்செயல் அது; அதனைப் போற்றுவோம். ஆனால் தனுஷ்கோடி மக்களுக்கு என்ன கிட்டியது? அவ்வூர் மனிதர் வாழத் தகுதியற்றது என்ற அறிவிப்புக் கிட்டியது. அறிவிப்பு ஏட்டில் இருந்தது; மீனோ கடலில் இருந்தது. ஆகவே மீனவர் அம்மணலுக்கே திரும்பினர். ஓலைக் கொட்டில் கட்டி, பல பதிற்றாண்டுகளாக அங்கேயே வாழ்ந்து வருகின்றனர். 2017இல் அரிச்சல்முனைவரை நல்ல சாலை திறக்கப்பட்டது. அழிவைக் காணவரும் பயணிகளுக்கு அது பெரிதும் உதவுகிறது. பாலத்துக்கு 46 நாள். வீட்டுக்கு அறுபது ஆண்டுகளும் போதவில்லை.

அப்பாழூரில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவர்களும் புகைவண்டி நிலையச் சுவர்களும் ஒரு பாடம் புகட்டுகின்றன. பவளக்கல்லாற் கட்டிய சுவர்கள் நிற்கின்றன, கூரைகளைக் காணோம். புயலில் வீடு எங்கே முதலில் தோற்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே சிறிது விஞ்ஞானம் பேசுவோம். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றர்ச் சுவரில் ஏறத்தாழ 48 கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தம் தரும். 200 கிலோமீற்றர் வேகத்தில் அது 190 கிலோகிராமைத் தாண்டும். காற்று சுவரைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. கூரையின்மேல் விரைந்தோடும்போது அதனை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. அவ்வேளையில் காற்று வரும் திசையிலுள்ள யன்னல் ஒன்று உடைந்தால், காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் தள்ளும். மேலே இழுவை, கீழே தள்ளுதல்; கூரை பறக்கிறது. கூரை போனபின் தலைப்பகுதியில் பிடிப்பிழந்த சுவர் சரிகிறது. ஓர் யன்னல் உடைந்ததற்காக ஒரு வீடே விழும் விந்தை இதுதான்.

யன்னலுக்கு வெளியே பலகைக் கதவு பொருத்தி அடைக்கும் வழக்கம் இதனால்தான் உலகின் புயற்கரைகளிலெல்லாம் தோன்றிற்று. கரீபியன் தீவுகளில் அதனைக் காணலாம். யப்பானிய வீடுகளில் மழைக்கும் சூறைக்கும் இழுத்து மூடும் பலகைகள் உண்டு. நம் நாட்டின் பழைய பெரிய வீடுகளிலும் கனத்த பலகைக் கதவு கொண்ட யன்னல்கள் உள. ஆனால் பலகை மட்டும் வீட்டைக் காக்காது. சிலாகை கைமரத்தோடும், கைமரம் வளையோடும், வளை சுவரோடும், சுவர் அத்திவாரத்தோடும் பிணைந்திருக்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பயனற்றுப் போகும். வெறும் ஆணியடித்த கைமரம் காற்றின் இழுவைக்குத் தாங்காது. இரும்புப் பட்டியோ முறுக்குக் கம்பியோ கொண்டு வளையோடு இறுக்கிய கைமரம் தாங்கும். செலவைக் கணக்கிட்டால், வீடு கட்டும் மொத்தத் தொகையில் இது மிகச் சிறு பங்கே.

இவ்வறிவு நம் மக்களிடம் இல்லாமற் போகவில்லை. கிடுகாலும் பனையோலையாலும் வேய்ந்த கூரைமேல் பழைய வலையை விரித்து, வடத்தால் நாற்புறமும் இழுத்துக் கப்புகளோடு கட்டும் மீனவன், காற்று கூரையை மேல்நோக்கித்தான் இழுக்கும் என்பதை எந்த நூலிலும் படித்தவனல்லன். பனங்கைமரத்தை நாராலும் கயிற்றாலும் வரிந்து கட்டிய தச்சனும் ஆணியைவிடக் கட்டு நெகிழ்ந்து கொடுக்கும், அறாது என்பதை அறிந்திருந்தான். ஓலைக் கூரை பறந்தாலும், விழுந்தாலும் ஆளைக் கொல்வது அரிது. பின்னர் தகரம் வந்தது. ஆண்டுதோறும் வேயும் செலவு குறைந்தது. மழை ஒழுகுவது நின்றது. தகரத்தை வேண்டாமென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் தகரம் வந்த வேகத்தில் அதனை இறுக்கும் முறை வரவில்லை. சரியாகப் பிணைக்காத தகரத் தகடு புயலில் வாளாக மாறி அயல்வீட்டையும் வெட்டுகிறது. பழைய தொழில்நுட்பம் கைவிடப்பட்டு, புதியது பாதியளவே ஏழையிடம் வந்து சேரும்போது நேரும் கேடு இது.

1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, 1964இன் பாடத்தை நாடு கற்கவில்லை என்பதை மெய்ப்பித்தது. ஏறத்தாழ 900 பேர் இறந்தனர்; இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன; தென்னந்தோட்டங்கள் தரைமட்டமாயின. அதன்பின் 1980இல், கடுங்காற்றைத் தாங்கும் கட்டடங்களை வடிவமைப்பதற்கென வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சு ஒரு கையேட்டை வெளியிட்டது. நாட்டை மூன்று காற்று வலயங்களாக அது வகுத்தது. பொறியியலாளர்கள் அதனைப் பயன்படுத்தினர். அரசாங்கக் கட்டடங்களும் பெருங்கட்டடங்களும் பயன்பெற்றன. ஆனால் பொறியியலாளரின் நிழலே படாத வீடுகள் அல்லவா கடற்கரையில் மிகுதி? கையேடு அவ்வீடுகளின் படலையைத் தாண்டவில்லை. அனர்த்த முகாமைத்துவச் சட்டமோ 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005இல்தான் பிறந்தது. 1964இலிருந்து எண்ணினால் 41 ஆண்டுகள்.

இக்காலத்தில் எச்சரிக்கை வந்து சேர்கிறது என்பதை மறுக்கலாகாது. 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய ‘புரெவி’ புயல் மறுநாள் மன்னார்ப் பக்கமாகக் கடலில் இறங்கியது. அதன் பாதை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ காற்றாலை நிலையம் திறந்து வைக்கப்பட்டது. 30 சுழலிகள், 103.5 மெகாவாற்று வலு. அச்சுழலிகளின் அத்திவாரம் எத்தனை ஆழம், எந்த வேகத்தில் இறக்கைகள் தாமே நிற்க வேண்டும் என்பனவெல்லாம் நுணுக்கமாகக் கணக்கிடப்பட்டே அவை நிறுத்தப்பட்டன. மூலதனம் தன் பொருளைக் காக்க விரும்பும்போது காற்றை அளக்கத் தெரிகிறது. இரும்பைப் பிணைக்கத் தெரிகிறது. அதே காற்று வீசும் அதே தீவில், தொழிலாளியின் கைமரத்தை வளையோடு பிணைக்க ஒரு பட்டிக்கு மட்டும் வழி தெரியாமற் போவது எதனால்?

வெளியுலகமும் இதே கதையைச் சொல்கிறது. 1992 ஆகஸ்டில் ‘ஆண்ட்ரூ’ சூறாவளி அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கியபோது, வருவாய் குறைந்தோர் வாழ்ந்த, சக்கரங்களில் கொண்டுவந்து நிறுத்தும் மெலிந்த வீடுகள் நொறுங்கின. அதன்பின் கட்டட விதிகள் கடுமையாயின; யன்னல் அடைப்புகள் பரவலாயின. சட்டம் கட்டாயப்படுத்தினால் வீடு உறுதியாகும் என்பதற்கு அது சான்று. கியூபாவில் 1963 ஒக்டோபரில் ‘புளோரா’ சூறாவளியால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் அந்நாடு குடிசார் பாதுகாப்பைத் தெருத்தோறும் அமைத்தது. எந்த முதியவரை யார் அழைத்துச் செல்வது என்பதுவரை அயலவர் முன்னரே அறிவர். 2004இல் ‘ஐவன்’ சூறாவளியின்போது பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் மாற்றப்பட்டனர், ஓருயிரும் போகவில்லை. ஆயினும் கியூபாவிலும் பழைய வீடுகள் புயல்தோறும் இடிகின்றன. உயிரைக் காக்க மக்களின் அமைப்பு வேண்டும். வீட்டைக் காக்கப் பொருளும் விதியும் வேண்டும். இரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் நம் நாட்டில் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களுள் மிகப் பலர் மலையகத்தில் மண்சரிவிற் புதையுண்டோர். கரையில் கூரையாகவும் மலையில் சரிவாகவும் வரும் சாவு, இரு இடத்தும் ஒரே கேள்வியை எழுப்புகிறது: ஆபத்தான நிலமும் நலிந்த வீடும் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன?

ஐப்பசி பிறக்குமுன் வீட்டை ஆயத்தஞ்செய்யுங்கள் என்று அறிவுரை கூறுவது நன்று. காய்ந்த மட்டைகளையும் முற்றிய தேங்காய்களையும் இறக்குதல், தளர்ந்த தகடுகளை இறுக்குதல், யன்னலுக்குப் பலகை வெட்டி அளவு பார்த்து வைத்தல், பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் நீர் புகாத பையிலிடுதல், கிணற்றை மூடுதல் இவையெல்லாம் செய்யத்தக்கவை. ஆனால் வீடு கட்டிய எவரும் அறிவர்: கையிருப்புத் தீரும் இடத்தில்தான் யன்னலும் கதவும் வருகின்றன. அங்கே சாக்கு தொங்குகிறது. சாக்குத் தொங்கும் யன்னலுக்குப் பலகை அடிக்குமாறு போதிப்பது போதனையாகவே நின்றுவிடும். மேலும், கடல் எழுந்து வரும்போது எந்தப் பலகையும் தடுக்காது. உயர்ந்த, உறுதியான பொதுக் கட்டடம் ஒன்றே காக்கும்.

ஆகவே இக்கடமையைத் தனி வீட்டின் முன்யோசனையென்று ஒதுக்காமல் பொதுக் காரியமாக ஏற்க வேண்டும். அரசாங்கம் வழங்கும் ஒவ்வொரு வீட்டு உதவித் தொகையிலும் கூரைப் பிணைப்புக்கும் யன்னல் அடைப்புக்கும் தனிப் பங்கு ஒதுக்கப்பட வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பலகை, வடம், இரும்புப் பட்டி ஆகியவற்றைச் சேமித்து வைத்து, பருவத்துக்குமுன் உறுப்பினர்க்கு வழங்கலாம். ஆசிரியர்கள் தம் பாடசாலையின் கூரையே புயலைத் தாங்குமா என்பதை முதலில் கேட்டறியட்டும். ஏனெனில் ஊர் முழுவதும் அங்கேதான் ஒதுங்கும். மாணவர்கள் தம் கிராமத்தில் எத்தனை வீடுகளின் கைமரம் பிணைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை யன்னல்களுக்குக் கதவில்லை, உதவியின்றி வெளியேற இயலாதோர் யார் யார் என்று வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கட்டும். அக்கணக்கோடு மக்கள் பிரதேச செயலகத்தின் படியேறும்போது, தெரியாது என்ற பதிலுக்கு இடமிராது.