தறியும் பார்வையாளரும்

கம்பம் பள்ளத்தாக்கு என்றவுடன் நெல்லும் திராட்சையும் நினைவுக்கு வருவது இயல்பே. 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கியது முதல், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களின் ஜாதகமே மாறிப்போயிற்று. தேனிக்குக் கிழக்கே கிடக்கும் ஆண்டிபட்டிக்கோ அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை; 1959-இல் வைகை அணை அதற்கு வெகு சமீபத்திலேயே எழுந்தும், தேங்கிய நீர் பெரும்பாலும் கீழ்த்திசையில் மதுரைச் சீமைக்கே போயிற்று. அவ்வூரை ஒட்டிய சக்கம்பட்டியிலும், அருகிலுள்ள டி. சுப்புலாபுரத்திலும் ஜனங்கள் ஏரைவிடத் தறியை நம்பி வாழ்ந்ததற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நெசவாளர் வாழும் ஊர்களில் தொழில் ஒருபோதும் கதவுக்குள் அடைபட்டுக் கிடந்ததில்லை. வெயில் ஏறுவதற்கு முன், தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தோய்த்து, அறுந்த இழைகளைத் தேடி முடிந்து, இழையோடு இழை ஒட்டிவிடாதபடி இருவர் இருபுறமும் நின்று நீவிக்கொண்டே செல்ல, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதற்கடியில் குனிந்து போவார்கள். கஞ்சி பதத்துக்கு மேல் காய்ந்துவிட்டால் நூல் விறைத்துக்கொண்டு தறியில் அறும். ஆகவே பொழுதோடு போட்டியிட்டுச் செய்யவேண்டிய வேலை அது. வீட்டுக்குள்ளே குழித்தறி, குழியில் காலை இறக்கி மிதியை மிதிப்பவருக்குத் தரையின் ஈரம் துணை, ஏனெனில் ஈரக்காற்றில் பருத்தி இழை எளிதில் அறுவதில்லை. இவற்றையெல்லாம் பார்க்க எவரும் கட்டணம் செலுத்தியதில்லை. காட்டுகிறோம் என்ற எண்ணமும் நெய்தவர்களுக்கு இருந்ததில்லை.

தொழிலைப் பிறர் பார்ப்பதற்காகவே செய்து காட்டும் வழக்கம் வேறோர் உலகத்தில் பிறந்தது. 1886-இல் லண்டன் மாநகரில் நடந்த காலனிநாட்டுக் கண்காட்சியில் நம் தேசத்துக் கைவினைஞர் சிலரை உட்கார்த்தி நெய்யவும் வனையவும் செய்தார்கள். பரம்பரைத் தொழிலாளிகள் என்று ஆங்கிலேயர் வியந்து பார்த்த அவர்களிற் பெரும்பாலோர், ஆக்ரா சிறைச்சாலையில் கைதிகளாக இருந்தபோது அத்தொழில்களைக் கற்றவர்கள்! விக்டோரியா மகாராணி அவர்களிற் சிலரைச் சித்திரமாக எழுதச் செய்தார். தறியை இவ்வாறு வியந்து கொண்டாடிய அதே ராஜாங்கத்தின் நிழலில்தான் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணி நம் சந்தைகளை நிரப்பிற்று என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

இதனினும் கண்ணியமான எண்ணத்தோடு, ஆர்தர் ஹாசேலியஸ் என்ற ஸ்வீடன் தேசத்தவர், ஆலைகள் பெருகப் பெருக அழிந்துவந்த கிராம வாழ்க்கையைக் காப்பதற்காக, பல பகுதிகளிலிருந்து வீடுகளைப் பெயர்த்துவந்து ஸ்டாக்ஹோமில் 1891-இல் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவினார். நம் நாட்டில் அதன் வாரிசு என்று சொல்லத்தக்கது, 1984-இல் தோன்றிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் அமைத்த தட்சிணசித்ரா. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் யோசனைகளைப் பெற்று உருவான அவ்விடம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடும், திருநெல்வேலி அக்கிரகாரத்து வீடும், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. குயவர் சக்கரம் சுழல்வதைக் குழந்தைகள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். இதைப் பழிக்க எனக்கு மனமில்லை. பட்டணத்துக் குழந்தைக்குத் துணி கடையில் விளைவதன்று என்று காட்ட இதைவிட நல்ல உபாயம் இல்லை.

ஆயினும் அருங்காட்சியகத் தறியில் காணமுடியாத அம்சம் ஒன்றுண்டு, அது கணக்கு. முதலாளியிடம் வாங்கிய முன்பணம், நூல் விலை ஏற்றத்தில் கரைந்த கூலி, மழைநாட்களில் பாவு போடமுடியாமல் நின்ற வேலை, கடனிலிருந்து நெசவாளரை மீட்க எழுந்த கூட்டுறவுச் சங்கங்கள், அச்சங்கங்களின் சரக்கை விற்க 1935-இல் பிறந்த கோ-ஆப்டெக்ஸ் ஆகிய இவையே தறியின் மெய்யான சரித்திரம். விசைத்தறியின் இரைச்சல் ஆண்டிபட்டித் தெருக்களில் புகுந்ததும் கைத்திறன் குறைந்துபோனதால் அன்று, இந்தக் கணக்கு கட்டுப்படியாகாததால்தான்.

தேனிச் சீமையிலும் இத்தகைய அருங்காட்சியகம் ஒன்று வேண்டுமென்று எண்ணுவோர் இருந்தால், அவர்களுக்கு என் விண்ணப்பம் இது: தறிக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டி, ஒரு சேலைக்கு நூல் விலை எவ்வளவு, எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்தார்கள், நெய்தவர் கைக்கு எவ்வளவு வந்தது என்பதை எல்லோரும் படிக்க எழுதிவையுங்கள். வாசகர்கள் அதுவரை காத்திராமல், அடுத்த முறை அப்பக்கம் போகும்போது ஆண்டிபட்டியில் இறங்கி, பேரம் பேசாமல் ஒரு கைத்தறிச் சேலை வாங்கிக்கொள்ளலாம்.