கருங்கல்லும் ஊற்றுநீரும்

மாணவர்களே, "நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை" என்று பல்லாண்டுகள் வகுப்பிலே சொல்லிக்கொடுத்தவன் நான். காய்ச்சி வடித்த நீருக்கு அது பொருந்தும், ஊற்றுநீருக்குப் பொருந்தாது. கரும்பலகையில் எழுதிய அந்த வாக்கியத்தை இன்று திருத்திக்கொள்ள விரும்புகிறேன். அதன்பொருட்டுப் பிரான்சு தேசத்தின் நடுவிலுள்ள ஓவெர்ன் மலைநாட்டிற்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

1751ஆம் ஆண்டில் கெட்டார் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் தம் நண்பர் மால்செர்புடன் அவ்வழியே பயணம் செய்தார். மூலான் என்ற ஊரில் கருமையான, துளைகள் மலிந்த கல் அவர் கண்ணிற்பட்டது. எரிமலைக் கல்லன்றோ இது என்ற ஐயம் எழுந்தது. எங்கிருந்து வந்ததென வினவினார், வோல்விக் என்றனர். உடனே அங்கே சென்றார். கல் வெட்டிய குழிகளையும், அப்பாலுள்ள கூம்பு வடிவக் குன்றுகளையும் கண்டார். அவை அவிந்துபோன எரிமலைகளே என்று 1752இல் பாரிஸ் அறிவியற் கழகத்தில் கட்டுரை படித்தார். அண்மையிலுள்ள கிளெர்மோன் நகரத்துப் பேராலயம் 1248இல் தொடங்கி அந்தக் கருங்கல்லாலேயே எழுப்பப்பட்டது. ஐந்நூறு ஆண்டுகள் எரிமலைக் குழம்பின் நடுவே நின்று தொழுதவர்கள் அதை அறியவில்லை!

அதே வோல்விக்கில் ஓர் ஊற்றுநீர் உண்டு. 1938 முதல் புட்டிகளில் அடைக்கப்படுகிறது. குன்றுகளின்மேல் பெய்யும் மழை எரிமலைச் சாம்பலிலும் கருங்கல் அடுக்குகளிலும் மெல்ல வடிந்து இறங்குகிறது. குளிர்ந்த நீர் பாறையை எளிதிற் கரைப்பதில்லை. ஆகவே ஒரு லிட்டரில் கரைந்துள்ள பொருள்கள் ஏறத்தாழ 130 மில்லிகிராமே. அவற்றுள் சிலிக்கா மட்டும் 30 மில்லிகிராம் அளவு. நாவில் மென்மையாகவே படும் நீர் இது.

எரிமலை நீரெல்லாம் இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். வோல்விக்கிற்கு வடகிழக்கே விஷி என்னும் ஊர் உளது. அங்கே நீர் வெகு ஆழம் சென்று சூடேறுகிறது. பூமியின் அடியிலிருந்து எழும் கரியமில வாயு அதிற் கலக்கிறது. வாயு கலந்த நீர் மென்மையான அமிலமாகிப் பாறையை அரித்துக் கரைக்கிறது. செலெஸ்தேன் என்னும் ஊற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 3 கிராம் பைகார்பனேட்டும், 1 கிராமுக்கு மேல் சோடியமும் உள்ளன. நம் வீட்டு ஆப்பசோடாவைக் கரைத்துக் குடித்தவர்க்கு அச்சுவை புதிதன்று.

கடித இலக்கியத்தாற் புகழ்பெற்ற செவிஞே சீமாட்டி, கைகளை முடக்கிய வாதநோய் தீர 1676இல் விஷிக்குச் சென்றார். நீர் கொதிக்கிறது, சுவையோ வெடியுப்பை ஒத்திருக்கிறது என்று மகளுக்கு எழுதினார். காலையில் ஊற்றடியில் கூடியோர் யாவரும், அவர் உட்பட, முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தனராம்.