கணினி மாறிவிட்டது, எழுத்து என்னாச்சு?



விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. பல பள்ளிகளிலும் வீடுகளிலும் விண்டோஸ் 11-க்கு மாறும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. நீங்களும் மாறப்போகிறீர்களா? அதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்க. அலமாரியில் கிடக்கும் பழைய குறுவட்டையோ விரலியையோ எடுத்து, 1990-களில் தட்டச்சு செய்த ஒரு தேர்வுத்தாளைத் திறந்து பாருங்க.

தமிழ் வருதா? பல பேருக்கு வராது. ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. கோப்பு கெட்டுப்போகவில்லை, வைரஸும் இல்லை. உங்கள் கண்முன் இருப்பது ஒரு வரலாற்றுச் சான்று. அதை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

எழுத்துருவுக்குள் இருந்த தமிழ்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலப் பெரிய ‘ஏ’ என்றால் அதற்கு 65. அன்றைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்கள்தான். முதல் பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் குறியீடுகளுக்கும் போய்விட்டது. நம்மிடமோ 247 எழுத்துகள். எப்படி அடக்குவது?

ஆளுக்கொரு வழி கண்டார்கள். சிலர் இரண்டாம் பாதியில் தமிழை வைத்தார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்துவிட்டார்கள். பாமினி எழுத்துரு இரண்டாம் வகை. அதில் ‘ஜே’ விசையைத் தட்டினால் ‘த’ வரும். விண்டோஸ் 95, 98 இயங்குதளங்களைப் பொறுத்தவரை அது ஆங்கில ஜே-தான். தமிழ் என்பது எழுத்துரு போட்ட வேஷம். புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேஷம் கலைந்துவிடும். அந்த ஜே, கே, பி, ஓ வந்த கதை இதுதான்.

நம் ஊரில் நடந்த முயற்சிகள்

இந்த வரலாற்றில் நம் வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அதன் வழியில் வந்ததுதான் முரசு அஞ்சல். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி கணியன் எழுத்துருவை உருவாக்கி, 1990-களின் நடுவிலேயே இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டார். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது.

அங்கே பேச வேண்டியிருந்த சிக்கல் எளிமையானது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கணினி படிக்கவில்லை! ஆளுக்கொரு குறியீடு. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டேம், டேப் குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத் தமிழர்கள் பலர் டிஸ்கி என்ற குறியீட்டைப் பயன்படுத்தினார்கள். ஒழுங்கு வந்தது உண்மைதான். ஆனால் இவை எல்லாமே அந்த 256 இடங்களுக்குள் போட்ட ஒழுங்கு.

திருப்புமுனை

ஒருங்குறி தமிழுக்கென்று தனி இடம் கொடுத்தது: 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். ‘க’ என்றால் 2965. உலகில் வேறு எந்த எழுத்துக்கும் அந்த எண் கிடையாது. ஆனால் ‘கொ’ என்று எழுத, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்த வேண்டும். அதைச் செய்ய இயங்குதளத்துக்கே தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000 அதைக் கற்றுக்கொண்டு வந்தது, லதா எழுத்துருவோடு. 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்கூட அமைப்புக்குள் போய் அந்த வசதியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2007-இல் பொதுச் சந்தைக்கு வந்த விஸ்டாவில்தான் அது கேட்காமலேயே கிடைத்தது.

ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவருக்கு அந்த மேம்பாடு புதுத் திரை, புது வண்ணம். தமிழில் எழுதியவருக்கோ, எழுத்துக்கு ஒரு நிலையான முகவரி கிடைத்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்க. இயங்குதளம் மாறியது, கோப்புகள் தானாக மாறவில்லை. என்னிடமே ஒரு வட்டு இருந்தது. மாணவர்களை அவர்களின் பாட்டிமாரிடம் அனுப்பிச் சேகரித்த தோட்டப் பாட்டுகள் அதில் இருந்தன. கணினியை மாற்றியபோது வட்டைப் பத்திரமாக எடுத்து வைத்தேன், எழுத்துருவை எடுத்து வைக்கவில்லை. அது யாரோ ஒரு நண்பர் கொடுத்தது, பெயர்கூட நினைவில் இல்லை. பல ஆண்டு கழித்துத் திறந்தபோது பாதிப் பாட்டுகளைத்தான் மீட்க முடிந்தது. மீதியைக் கேட்டு எழுதலாம் என்றால், பாடிய பாட்டிமார் இன்று இல்லை.

இப்போது என்ன செய்யலாம்?

விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் இயங்குதளம். விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் தமிழ் மென்பொருள்கள் அதில் ஓடாது. ஆகவே பழைய கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. பழைய தமிழ்க் கோப்புகளைப் பட்டியல் போடுங்க. ஒவ்வொன்றுக்கும் எழுத்துருவின் பெயரைக் குறித்து, எழுத்துருக் கோப்பையும் நகலெடுத்து வையுங்க.

2. எழுத்துரு மாற்றி மூலம் ஒருங்குறிக்கு மாற்றுங்க. மூலக் கோப்பை அழிக்காதீங்க.

3. மாற்றியதை மனிதக் கண்ணால் ஒருமுறை படியுங்க. ‘ர’-வும் துணைக்காலும் இடம் மாறியிருக்கலாம். ‘கௌ’ என்பதில் பின்னால் வருவது ‘ள’ ஆகியிருக்கலாம். மாணவர்களுக்கு இது நல்ல பிழைதிருத்தப் பயிற்சி.

4. பிடிஎஃப் இருக்கிறதே என்று விட்டுவிடாதீங்க. பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் பார்வைக்குத் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் மறுபடி ஜே, கே, பி, ஓ-தான்.

5. லதாவில் தட்டிய ஒருங்குறிக் கோப்பு வேறு எழுத்துருவில் திறந்தால் பயப்படாதீங்க. விண்டோஸ் 10 முதல் லதா ஒரு கூடுதல் வசதி, அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். வரிகள் கொஞ்சம் நகரலாம், எழுத்து அழியாது.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு ஒரு சொல். ‘தகவல் தொழில்நுட்பமும் தமிழும்’ என்ற தலைப்பு வந்தால், ‘தமிழ் கணினியில் வளர்ந்துள்ளது’ என்று பொதுவாக எழுதி முடிக்காதீங்க. 256 இடங்கள் என்ற நெருக்கடி காரணம், ஆளுக்கொரு குறியீடு அதன் விளைவு, ஒருங்குறி அதற்கான தீர்வு, மாற்றப்படாத கோப்புகள் மிஞ்சிய இழப்பு. இந்த நான்கையும் கோத்து எழுதினால் கட்டுரை நிற்கும்.

ஆசிரியர்களே, புதுக் கணினி வந்த அன்றே மேம்பாடு முடிந்துவிடாது. நாம் எழுதி வைத்ததும் கூடவே வந்து சேர்ந்தால்தான் முடியும். இந்த வாரம் ஒரே ஒரு பழைய கோப்பைத் திறந்து பாருங்க.