மக்ரூன்: முத்துக்குளித்துறையின் கலப்புப் பலகாரம்

தூத்துக்குடி மக்ரூனுக்கு மூன்றே பொருள்கள் போதும்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. மாவு இல்லை, நெய் இல்லை, பாலும் இல்லை. வெள்ளைக்கருவைச் சீனி சேர்த்து அடித்துக்கொண்டே போனால் அது வெளுத்து, பொங்கி, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத நுரையாகிறது. பொடித்த முந்திரியை அதில் நுரை அடங்கிவிடாதபடி மெல்லக் கலந்து, கூம்பாகச் சுருட்டிய தாளில் நிரப்பித் தட்டின்மேல் பிழிகிறார்கள். நுனி சுழித்து நிற்கும் ஒவ்வொரு துளியும் சின்னச் சங்கின் முனைபோல் இருக்கும். அடுப்பின் முழுச் சூடு இதற்கு ஆகாது. தணிந்த வெக்கையில் மணிக்கணக்கில் கிடக்க வேண்டும். மக்ரூன் வேகிறது என்பதைவிடக் காய்கிறது என்பதே சரி. வெளியே மொறுமொறுப்பு, பல் பட்டதும் உடைந்து நாக்கிலேயே கரைந்துவிடும்.

இதன் செய்முறையும் பெயரும் இத்தாலியில் தொடங்கியவை. இதிலுள்ள முந்திரியோ தென் அமெரிக்காவின் வடபகுதி மரம். வெனிசுவேலாவும் அதன் சொந்த மண்ணில் அடக்கம். மேல்நாட்டு நகரங்களில் வெனிசுவேலா, இத்தாலி இரண்டின் சமையலையும் ஒரே மேசையில் பரிமாறும் சிறு உணவகங்கள் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வெனிசுவேலாவில் பெருந்திரளாகக் குடியேறிய இத்தாலியர்கள்தாம் அந்தச் சேர்க்கைக்கு வழிவகுத்தவர்கள். தூத்துக்குடியில் அதே சேர்க்கையை எந்தச் சமையல்காரரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. நானூறு ஆண்டுக் கப்பல் போக்குவரத்தில் அது தானாகக் கூடிவந்தது.

முதலில் முந்திரி. பிரேசிலின் துப்பி மக்கள் இதற்கு வைத்திருந்த பெயரைப் போர்த்துக்கீசியர் ‘கஜு’ என்று ஆக்கிக்கொண்டார்கள். இந்தியில் வழங்கும் காஜு அதுதான். வெனிசுவேலாவில் இதற்கு ‘மெரெய்’ என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்த மரத்தை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 1578-இல் வெளிவந்த கிறிஸ்தோவாவ் த கோஸ்தாவின் மருந்துப்பொருள் நூல், கொச்சி நாட்டுத் தோட்டங்களில் இந்தப் பழம் இருந்ததைக் குறிப்பிடுகிறது. அதே 1578-இல்தான், தூத்துக்குடியைச் சூழ்ந்த முத்துக்குளித்துறையின் கிறிஸ்தவர்களுக்காகப் போர்த்துக்கீசியக் குரு அண்டிரிக் அடிகளார் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ என்ற மறைநூல் கொல்லத்தில் அச்சாகியது. பிற்காலத்தில் முந்திரித் தொழிலின் தலைநகரமாக விளங்கியதும் அந்தக் கொல்லமே.

புதிய மரத்துக்குத் தமிழ் பழைய பெயரைக் கொடுத்தது. முந்திரி, முந்திரிகை என்றால் முன்பு திராட்சை. மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சைதான். அந்தப் பெயர் எப்படியோ அமெரிக்கக் கொட்டைக்கு வந்து சேர்ந்தபின், திராட்சை ‘கொடிமுந்திரி’ ஆனது. நெல்லைச் சீமையிலும் குமரிப் பக்கத்திலும் அண்டிப்பருப்பு, கொல்லாங்கொட்டை என்ற பெயர்களும் உண்டு. திருச்செந்தூரை ஒட்டிய செம்மணல் தேரியில், வேறு பயிர் எதுவும் எளிதில் பிடிக்காத இடத்தில், இந்த மரம் ஊன்றி நிற்கிறது. ஆனாலும் மக்ரூனுக்குப் பெயர்பெற்ற பருப்பு கொல்லத்துப் பருப்பே. 1904-இல் மேற்கு மலைத்தொடரைக் குடைந்து செங்கோட்டை வழியாக வந்த ரயில்பாதை கொல்லத்தைத் திருநெல்வேலியோடு இணைத்தது. மலைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு இந்தப் பக்கத்துத் துறைமுகத்துக்கு வர அதன்பின் தடையில்லை.

முந்திரி பிறந்த கரைக்கும் தூத்துக்குடிக்கும் இன்னோர் உறவு உண்டு. வெனிசுவேலாவின் வடகடலும் முத்துக்கடலே. 1498-இல் தம் மூன்றாம் பயணத்தில் கொலம்பஸ் அங்கே பரியா வளைகுடாப் பகுதி மக்கள் முத்து அணிந்திருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு ஸ்பானியத் தளபதி ஒஹேதாவோடு வந்த ஃபுளோரன்ஸ்காரர் அமெரிகோ வெஸ்புச்சிக்கு, மரக்கைபோ நீர்நிலையில் கால்நட்டுக் கட்டிய வீடுகள் வெனிஸ் நகரத்தை நினைவூட்டின என்பதும், ‘குட்டி வெனிஸ்’ என்ற பொருளில் வெனிசுவேலா என்ற பெயர் அப்படி வந்தது என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். கூபாகுவா என்ற வறண்ட தீவில் ஸ்பானியர் நுவேவா காதிஸ் என்ற நகரத்தை எழுப்பினார்கள். பஹாமா தீவுகளிலிருந்து பிடித்துவந்த அடிமைகளை மூழ்கவைத்துச் சிப்பிப் படுகைகளை ஒரு தலைமுறைக்குள் வழித்தெடுத்தார்கள். 1540-களில் நகரம் பாழாகிக் கிடந்தது. தூத்துக்குடிக் கடலில் நடந்தது வேறு. இங்கேயும் அரசுகள் பேராசை இல்லாதவை அல்ல. ஆனால் பார் எனப்படும் சிப்பிப் படுகைகளைச் சோதித்து, சிப்பி முதிர்ந்த ஆண்டில் மட்டும் சலாபம் என்ற முத்துக்குளிப்பை நடத்தி, மற்ற ஆண்டுகளில் கடலை விட்டுவைக்கும் வழக்கம் நிலைத்தது. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு முக்குளிப்பவருக்கு. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு தூத்துக்குடிச் சலாபம் நின்றது. கூபாகுவா நாற்பது ஆண்டுகளில் முடிந்ததையும், கொற்கையில் தொடங்கிய தொழில் இரண்டாயிரம் ஆண்டு நீடித்ததையும் சேர்த்துப் பார்த்தால், பார்களை ஓய்வில் விட்ட வழக்கத்தின் மதிப்பு தெரியும்.

இத்தாலியர்களும் இந்தக் கரைக்குப் புதியவர்கள் அல்லர். வெனிஸ்காரரான மார்கோ போலோ பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்தார். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகமும் முத்துக்குளிப்பும் அவர் நூலில் விரிவாக இடம்பெறுகின்றன: முத்தில் பத்தில் ஒன்று அரசனுக்கு, இருபதில் ஒன்று சுறா தாக்காமல் மந்திரம் சொல்லிக் கட்டும் பிராமணர்களுக்கு. மக்கள் உண்ணும் முறையும் அவரை வியக்கவைத்தது. வலக்கையால் மட்டுமே உண்பார்கள். ஆளுக்கொரு நீர்க்குவளை வைத்திருப்பார்கள். குவளையை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பார்கள் என்று எழுதினார். தமிழ் வீடுகளில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் ‘எச்சில் பண்ணாதே’ என்று அதட்டிச் சொல்லிக்கொடுக்கும் அதே பழக்கம் ஒரு வெனிஸ்காரருக்கு நூலில் எழுதத்தக்க புதுமையாகப் பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் நிக்கோலோ கோந்தியும், அடுத்த நூற்றாண்டில் 1563 முதல் பதினெட்டு ஆண்டுகள் கீழைநாடுகளில் சுற்றிய வணிகர் சேசரே ஃபெதெரிச்சியும் இங்கே வந்தார்கள், இருவரும் வெனிஸ்காரர்களே. குளிப்புக் காலத்துக்கென்றே கரையில் முளைத்து, முடிந்ததும் காணாமல்போகும் கூரைக் கடைவீதியை ஃபெதெரிச்சி விவரித்திருக்கிறார்.

வணிகர்களுக்குப் பின்னே குருமார்கள். பார்மா பகுதியில் பிறந்த அந்தோனியோ கிரிமினாலி இந்தக் கரையின் மறைப்பணிக்குத் தலைவராக இருந்து, 1549-இல் ராமேசுவரம் அருகே வேதாளையில் கொல்லப்பட்டார். தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலி 1606-இல் முத்துக்குளித்துறையில் தமிழ் கற்றுக்கொண்டு மதுரைக்குப் போனார். அங்கே அவர் ஒருவேளைச் சைவ உணவோடு நிறுத்திக்கொண்டார். முட்டையைக்கூடத் தொடாத வாழ்க்கை. வீரமாமுனிவரும் துறவிக்கோலம் பூண்டவர்தான். ஆக, மக்ரூனை இங்கே கொண்டுவந்தவர்கள் இத்தாலியர் என்று சொல்ல வழியே இல்லை. வந்த இத்தாலியர்களின் தட்டுதான் தமிழ்த் தட்டாக மாறியது.

ஊரில் வழங்கும் விளக்கம், போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள் என்பது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. 1530-களில் பரதவர் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றும்வரை போர்த்துக்கீசியர் செல்வாக்கு இந்தக் கரையில் நிலவியது. மச்சாது, கார்டோசா, மோத்தா, பெர்னாண்டோ என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டுப் பொருள்களிலும் அவர்கள் சொற்கள் நிறைந்திருக்கின்றன: மேசை, சாவி, ஜன்னல், அலமாரி, சமையலறைக்குக் குசினி. தின்பண்டத்தில் பிஸ்கோத்து. இலங்கைத் தமிழில் பாணும், பாண் சுடும் போறணையும் அவர்கள் விட்டுச்சென்ற சொற்களே.

ஆனால் மக்ரூன் என்ற சொல்லே இந்த விளக்கத்துக்கு எதிராக நிற்கிறது. இத்தாலிய ‘மக்கரோனே’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு ‘மக்கரோன்’ பிறந்தது. அதை ஆங்கிலேயர் ‘மக்ரூன்’ என்று நீட்டினார்கள். போர்த்துக்கீசிய மொழியில் அதே வேரிலிருந்து வந்த ‘மக்கராவ்’ என்ற சொல் சேமியா போன்ற மாவுப் பண்டத்தைக் குறிக்கும். போர்த்துக்கீசியர் கையிலிருந்து நேரே வந்திருந்தால் பலகாரத்தின் பெயர் ஆங்கில உச்சரிப்போடு இருந்திருக்காது. செய்முறையும் இதையே சொல்கிறது. போர்த்துக்கல்லின் புகழ்பெற்ற இனிப்புகள் கன்னியர் மடங்களில் உருவானவை. அவை மஞ்சள்கருவால் ஆனவை. வெள்ளைக்கரு துணிக்குக் கஞ்சி போடவும் திராட்சை மதுவைத் தெளியவைக்கவும் போய்விட, மிஞ்சிய மஞ்சள்கரு இனிப்பாயிற்று என்பது வழக்கமான விளக்கம். கோவாவின் பெபிங்கா அந்த மரபின் இந்தியக் கிளை. மக்ரூனோ முழுக்க வெள்ளைக்கருவின் பண்டம். போர்த்துக்கீசியரின் கொடை மக்ரூன் அல்ல, அதற்கான முந்திரி மரம். அது கொண்டாட வேண்டிய கொடைதான்.

ஆகவே தேட வேண்டிய இடம் ஆங்கிலேயர் காலத்துக் கொழும்பு. 1876-இல் ரயில் தூத்துக்குடிக்கு வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இங்கே கப்பலேறிக் கொழும்புக்குப் போவதே, 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, இலங்கைப் பயணத்தின் முக்கியப் பாதை. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி ஆங்கிலக் கம்பெனியோடு மோதியது இந்தப் பாதையில்தான். கணக்கெழுத, கடைவைக்க, தோட்டத்தில் கூலிவேலை பார்க்க நெல்லைச் சீமை ஆட்கள் கொழும்புக்குப் போய்வந்தார்கள். போனவர்களில் சிலர் அங்கே பேக்கரித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். ரொட்டி, பன், கேக்கோடு மக்ரூனும் அப்படி வந்தது. இட்லியும் கருப்பட்டிப் பணியாரமும் தின்ற ஊருக்கு மைதாவும் ஓவனும் அந்தத் தலைமுறையில்தான் பழகின. துறைமுகத் தொழிலாளர்கள் மாலையில் கூடும் புரோட்டாக் கடைகளுக்குத் தூத்துக்குடியில் ‘நைட் கிளப்’ என்று பெயர் விழுந்ததும் இதே கடல்வாசத்தின் தொடர்ச்சி. வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டு ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு இலையில் சால்னாவைக் கண்டு ஆறுதல் அடைவார்கள்.

ஐரோப்பிய மக்ரூனுக்கு உயிர் பாதாம். பாதாம் மரம் இங்கே வளராது. வெளிநாட்டிலிருந்து வருவதை வாங்கி ரொட்டிக்கடைப் பண்டத்தில் போட்டால் கட்டுப்படியாகாது. முந்திரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாதாமைவிட மென்மையானது. பொடித்து நுரையில் கலந்தால் வெண்மையும் கெடாது. பாதாமின் லேசான கசப்பு போய்ப் பால்கட்டியது போன்ற ஒரு கொழுமை வந்தது. இந்த மாற்றம் உலகில் தூத்துக்குடிக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. வெனிசுவேலாவின் பொலிவார் மாநிலத்திலும் ஸ்பானியப் பாதாம் இனிப்பான மஸபானை மெரெய்ப் பருப்பில் செய்கிறார்கள். அங்கே அது ஊர்ப்பெருமை. பாதாம் கிடைக்காத இரு நாட்டு மக்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே கொட்டையை எடுத்திருக்கிறார்கள்.

சீனியின் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. கரும்பைக் காய்ச்சிக் கட்டியாக்கும் வித்தை இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடு வழியாகச் சிசிலிக்குப் போனது. வடமொழியின் ‘சர்க்கரா’ என்ற சொல்லும் கூடவே போய் இத்தாலியில் ‘ஸுக்கெரோ’ ஆயிற்று. பாதாமும் சீனியும் சேர்ந்த இத்தாலிய இனிப்புகளின் பின்னே அரபுக் கைவண்ணம் உண்டு. அந்த வகையில் மக்ரூன் பாதி வழி திரும்பி வந்த பண்டம்.

இன்று கணேஷ், ஞானம், தனலட்சுமி என ஊரின் பேக்கரிகள் பலவும் மக்ரூனால் அறியப்படுகின்றன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கரிசல் நிலக்கடலையையும், உடன்குடிக் கருப்பட்டி தேரிப் பனையையும் நம்பியவை. அவற்றை அந்த மண்ணிலிருந்து பிரிக்க முடியாது. மக்ரூனுக்கு அப்படியொரு மண்பிடிப்பு இல்லை. பருப்பு கொல்லத்தது, சீனி ஆலைச் சீனி, முட்டை பண்ணைச் சரக்கு. ஊருக்குச் சொந்தம் கைப்பக்குவம்தான்: எவ்வளவு நேரம் அடிப்பது, எந்தச் சூட்டில் வைப்பது, எப்போது எடுப்பது. முன்பு கையாலேயே அடித்தார்கள், இப்போது இயந்திரம் அடிக்கிறது. சூட்டைக் கணிப்பது இன்னும் அடுப்படியில் நிற்பவரின் வேலையே. சூடு கூடினால் பழுப்பேறும். குறைந்தால் உள்ளே பிசுபிசுக்கும்.

எடையில் இது பஞ்சு. கால் கிலோ வாங்கினாலே பொட்டலம் பெரிதாகிவிடும்; ரயிலில் மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். உடைவது ஒரு பகை என்றால் ஈரம் இன்னொன்று. சீனி நுரை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊரில் பொட்டலத்தைத் திறந்துவைத்தால் சிறிது நேரத்தில் நமுத்துவிடும். அதனால் கடைகளில் காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்து, கேட்கும்போது அள்ளி நிறுத்துத் தருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அடுப்பில் இன்னும் சற்று அதிக நேரம் கிடந்தே மக்ரூன் வெளியே வருகிறது.