மை மறைந்தது, ஊசி நின்றது

முகத்தில் ஊசி உருட்டும் மைக்ரோநீட்லிங் இன்று அழகு நிலையம் வரை வந்துவிட்டது. ஆனால் அது பிறந்தது தழும்புக்காக. கனடாவின் மாண்ட்ரியலில் காமிராண்ட் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சையால் வெளுத்த தழும்புகள் மேல் தோல் நிறத்தில் பச்சை குத்தினார். ஓரிரு ஆண்டில் மை மங்கியது. தழும்போ மென்மையாகி, இயல்பான நிறம் திரும்பியிருந்தது. வேலை செய்தது மையல்ல, ஊசி! நுண்காயங்களை ஆற்ற உடலே புதிய கொலாஜனை உண்டாக்குகிறது. மையில்லாமல் ஊசி மட்டும் குத்தும் முறையை 1997இல் டூசேயுடன் சேர்ந்து எழுதினார். தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் ஊசிகளை உருளையில் பதித்தார்.

அம்மைத் தழும்பைத் தலையெழுத்து என்று சுமந்த முகங்களை நிறையப் பார்த்தவன் நான். இதை வெறும் ஒப்பனை என்று ஒதுக்க மனம் வரவில்லை. சுத்தமான ஊசியும் தேர்ந்த கையும் மட்டும் முக்கியம்.