கட்டிலடிப் பெட்டிகளும் சித்திலெப்பையின் அச்சகமும்

"மகள், இந்தப் பெட்டியெல்லாம் எப்பதான் இங்கேந்து போகும்?"

நோன்பு வருவதற்கு முன் வீடு கூட்டிக் கழுவும்போதெல்லாம் என் மாமி கேட்கும் கேள்வி இது. கட்டிலுக்கடியில் நான்கு பெட்டிகள். பெட்டிக்கு ஐம்பது புத்தகம். எல்லாம் என்னுடைய சிறுகதைத் தொகுதியின் விற்காத பிரதிகள். இரண்டு காப்புகளை அடகு வைத்து ஐந்நூறு பிரதி அச்சிட்டேன். காப்புகளை மீட்டுவிட்டேன், பெட்டிகள்தான் அப்படியே கிடக்கின்றன.

சில காலத்துக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசிய ஒருவர், "சொந்தக் காசுல போடுற புத்தகமெல்லாம் இலக்கியக் கணக்குல வராது" என்றார். சபை சிரித்தது. பின்வரிசையில் இருந்த நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் பதில் கேள்வி மனதில் வந்தது. அப்படியென்றால் ஈழத்தின் முதல் தமிழ் நாவலை எந்தக் கணக்கில் வைப்பது?

அந்த நாவல் 1885இல் வெளிவந்த 'அசன்பேயுடைய கதை'. எழுதியவர் அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை. அச்சிட்டது அவருடைய சொந்த முஸ்லிம் நேசன் அச்சகம். எழுதியவரும் வெளியிட்டவரும் ஒருவரே. இன்றைய பேச்சில் சொல்வதானால் அவர் 'சொந்தக் காசுல' புத்தகம் போட்டவர். நமது நாவல் வரலாறே ஒரு சுயவெளியீட்டில்தான் தொடங்குகிறது.

சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தவர். படித்தது சட்டம், பார்த்த தொழில் பிரக்டர். தமிழின் முதல் நாவலென்று கொள்ளப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் முன்சீப்பாக இருந்தவர். இருவருக்கும் சோறு போட்டது நீதிமன்றம். தமிழில் நாவல் என்ற வடிவம் பிறந்தபோதே அது எழுதுபவரின் வேறொரு வருமானத்தில்தான் வளர்ந்தது. இன்று பாடசாலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புத்தகம் போடும் ஆசிரியர்களாகிய நாங்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

கதையின் நாயகன் அசன் மிஸ்று தேசத்து உயர்குடியில் பிறக்கிறான். குழந்தையாக இருக்கும்போதே களவாடப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவுக்குப் போய், பல இடர்களைக் கடந்து தன் குடும்பத்தைச் சேர்கிறான். கண்டியில் இருந்த ஒருவருக்கு மிஸ்று ஏன் கதைக்களமானது? 1882இல் பிரித்தானியப் படை எகிப்தைப் பிடித்தது. தோற்கடிக்கப்பட்ட ஒறாபி பாஷாவும் தோழர்களும் 1883 ஜனவரியில் கொழும்பில் நாடுகடத்தப்பட்டவர்களாக வந்திறங்கினார்கள். சித்திலெப்பை அவருடன் நெருங்கிப் பழகினார். நம்மவர்கள் கண்ணால் கண்டு, வியந்து பேசிக்கொண்டிருந்த அந்தத் தேசத்தையே இரண்டு ஆண்டுகளின் பின் அவர் கதையாக்கினார். தன் வாசகர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கேதான் நான் நீண்ட காலம் கவனிக்காமல் விட்ட விடயம் இருக்கிறது. இந்த நாவலைப் பற்றிப் பரீட்சைக்குப் படித்தபோது ஆண்டையும் ஆசிரியர் பெயரையும் மனனம் செய்தோம். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கியது 1882 டிசம்பரில். நாவல் வந்தது 1885இல். அதாவது பத்திரிகை முதலில், புத்தகம் பிறகு. கல்வி, சமயம், ஊர்ச் செய்தி, உலகச் செய்தி என்று எழுதி எழுதி, தன் தமிழைத் தொடர்ந்து வாசிக்கும் ஒரு கூட்டத்தை அவர் முதலில் உண்டாக்கிக்கொண்டார். நம் வீடுகளில் அறபுத்தமிழ்க் கிதாபுகளே பரவலாக ஓதப்பட்ட காலம் அது. தமிழ் எழுத்தில் உரைநடைக் கதை வாசிப்பதென்பது பலருக்குப் புதுப் பழக்கம். வாசகர் ஏற்கனவே எங்கோ காத்திருக்கிறார் என்று அவர் நினைத்துக்கொள்ளவில்லை.

பத்திரிகையோடும் அவர் நிற்கவில்லை. முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென்று பாடசாலை திறந்தார். பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மருதானை மத்ரஸா 1892இல் தொடங்கியபோது, ஒறாபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் பெயர்களோடு இவருடைய பெயரும் சேர்ந்தே வருகிறது. அதே ஆண்டில் 'ஞானதீபம்' சஞ்சிகையையும் தொடங்கினார். 1898இல் காலமானார். பாடசாலை, பத்திரிகை, கதை மூன்றையும் அவர் ஒரே வேலையாகவே செய்தார் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

1885க்கு இன்னொரு முக்கியமும் உண்டு. இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைத்துப் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்ததும் அந்த ஆண்டில்தான். அரசு நூல்களை எண்ணத் தொடங்கிய ஆண்டிலேயே நமது முதல் நாவலும் வந்தது. "எந்தக் கணக்கிலும் வராது" என்று சொன்னவருக்கு இதையும் சொல்லியிருக்கலாம்.

சித்திலெப்பைக்குப் பின்னும் இந்த வழி அறுந்துவிடவில்லை. அதே கண்டி மாவட்டத்தில், கல்ஹின்னை என்ற சிற்றூரிலிருந்து எஸ். எம். ஹனிபா 'தமிழ் மன்றம்' என்ற பெயரில் நூல்களை வெளியிட்டார். தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி பற்றிப் பேராசிரியர் ம. மு. உவைஸ் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுநூல் 1953இல் வந்தது அந்த மன்றத்தின் மூலம்தான். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கித் தெருத் தெருவாகத் தானே கொண்டுபோய் விற்றார். அவரும் பத்திரிகைக்குப் பின்தான் 'மல்லிகைப் பந்த'லை அமைத்து நூல்கள் போட்டார். ஆளும் ஊரும் வேறு, ஒழுங்கு மட்டும் ஒன்றுதான்: வாசகரிடம் போய்வரும் பாதை முதலில், புத்தகம் பிறகு.

இனி என் கதையைச் சொல்கிறேன், இது பலருடைய கதையும்தான். கதைகளைத் தொகுத்தேன். தேசிய நூலகத்தில் நூலுக்கான சர்வதேச எண் எடுத்தேன். அச்சகத்துக்கும் வீட்டுக்குமாக ஒப்புநோக்க அலைந்தேன். ஊர் மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்தேன். கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, நூல் நயவுரை, பொன்னாடை எல்லாம் நடந்தன. கவரில் காசு வைத்துத் தந்தவர்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தக் காசால்தான் ஒரு காப்பு மீண்டது. ஆனால் அவர்கள் வாங்கியது கதையை அல்ல. டீச்சர் ஒரு நல்ல காரியம் செய்கிறார், ஒத்தாசை பண்ணுவோம் என்று தந்தார்கள். விழா முடிந்து கதிரைகளை அடுக்கும்போது, கதிரைகளிலேயே மறந்து விடப்பட்ட ஏழு பிரதிகளை நானே பொறுக்கி எடுத்தேன். கடைக்குக் கொடுத்ததில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கழிவு போனது. மிச்சக் காசு கேட்கப் போய்வந்த பஸ் செலவை எழுதி வைத்திருந்தால் அதுவே ஒரு சிறுகதை.

அப்போது நான் ஊரை நொந்தேன். வாசிப்பே செத்துப்போச்சு என்று ஆசிரியர் அறையில் சொல்லித் திரிந்தேன். இன்று யோசித்தால் பிழை என்னிடமும் இருக்கிறது. வாசகரைத் தேடாமல் ஐந்நூறு புத்தகத்தை அச்சிட்டுவிட்டு, பிறகு அந்த ஐந்நூறு பேரைத் தேடினேன். சித்திலெப்பை மூன்று ஆண்டுகளில் செய்ததை நான் ஒரு பின்னேர விழாவில் செய்யப் பார்த்தேன்.

இரண்டாம் தொகுதிக்கான கதைகளும் கையில் இருக்கின்றன. 2022இல் அச்சிட நினைத்தேன். அந்த மார்ச் மாதம் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. பிள்ளைகளின் வினாத்தாளுக்கே தாளில்லாதபோது என் கதைக்கு எங்கே? அந்த இடைவெளி ஒருவகையில் நல்லதாயிற்று. உயர்தர வகுப்பில் வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரு கதையை வாசிக்கத் தொடங்கினேன். முதலில் என் கதை என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், அந்த ராத்தா அப்பிடிப் பேசமாட்டா. எங்கட ஊட்டுல யாரும் அப்பிடிப் பேசுறல்ல" என்றாள். விழாவில் எனக்குக் கிடைக்காத விமர்சனம் அது. அந்த உரையாடலைத் திருத்தினேன். பிள்ளைகள் கதையை வீட்டில் போய்ச் சொல்ல, சில உம்மாமார் பிரதி எடுத்துத் தரச் சொல்லி அனுப்பினார்கள்.

முந்தைய நூற்றாண்டில் நூல் போட நினைத்தவர்கள் முன்கூட்டியே வாசகர்களிடம் கையொப்பம் வாங்கி, அந்த எண்ணிக்கையைப் பார்த்து அச்சிடும் வழக்கம் இருந்தது. நானும் ஒரு கொப்பியை எடுத்து 'கையொப்பம்' என்று தலைப்பிட்டு வைத்திருக்கிறேன். காசு முன்னுக்கு வாங்குவதில்லை, பெயர் மட்டும்தான். ஒரு நிபந்தனை: தொகுதியில் ஒரு கதையையாவது வாசித்தவர் அல்லது கேட்டவர்தான் எழுதலாம். இதுவரை அறுபத்து மூன்று பேர். நூறு ஆனதும் அச்சகத்துக்குப் போவேன். நூற்றைம்பது பிரதிக்கு மேல் அடிக்கமாட்டேன்.

போன கிழமை கொப்பியைப் பார்த்த மாமி என்ன ஏதென்று கேட்டார். அவர் ஓதியது குர்ஆனும் பழைய அறபுத்தமிழ்க் கிதாபுகளும். தமிழ் எழுத்து மெல்ல மெல்லத்தான் ஓடும். ஒரு கதையை நான் வாசிக்க, பாக்கு இடித்துக்கொண்டே முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

"என்ட பேரையும் எழுது மகள். ஆனா பெட்டியோட மட்டும் கொண்டு வந்திராத."

அறுபத்து நான்கு.